அலுவலகத்தில் மாற்றம் வரும்போது நாம் செய்யும் தவறுகள்

புது மென்பொருள், புது மேலாளர், இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கும் சுற்றறிக்கை. எது வந்தாலும் நாம் முதலில் பழையதையும் புதியதையும் ஒப்பிடத் தொடங்குகிறோம். ஒப்பிடுவதில் தப்பில்லை, ஒப்பிடும் விதத்தில்தான் கோளாறு.

நான் கணக்குப் பிரிவில் இருந்தபோது, எக்செல் தாளை விட்டுப் புது மென்பொருளுக்கு மாறச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் முடிகிற பில் பதிவு அரை மணி நேரம் இழுத்தது. "இது உருப்படாது" என்று மூன்றாம் நாளே தீர்ப்பு எழுதிவிட்டேன். எக்செல்லில் எனக்கு எட்டு வருடப் பழக்கம், புதியதிலோ மூன்றே நாள். இந்த இரண்டையும் தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும்? கை பழகும்வரை வேகம் குறையத்தான் செய்யும். அந்த நாட்களின் எரிச்சலைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பை ஒரு மாதமாவது தள்ளிப்போடுவது நல்லது.

அப்புறம் அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். பாதுகாப்புக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பழைய தாளையும் யாருக்கும் தெரியாமல் தொடர்ந்தேன். மாதக் கடைசியில் இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துவரவில்லை. எங்கே பிசகியது என்று தேடவே ஒரு முழு நாள் போனது. பழைய முறையும் புதிய முறையும் சில காலம் சேர்ந்து ஓடுவது வழக்கம்தான், 'பேரலல் ரன்' என்பார்கள். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்து நடப்பது, முடிகிற தேதியும் அதற்கு உண்டு. நான் செய்தது ஒளித்து வைத்த பிடிவாதம்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது? உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒரே அளவு தொகையானாலும், கிடைக்கும்போது வரும் சந்தோஷத்தைவிட இழக்கும்போது வரும் வலி பெரிது. வேலையிடத்து மாற்றத்தில் போவது உடனே கண்ணில் படும், வரப்போவது படாது. ஆகவே பயம் இயல்பானதுதான். அதை "எல்லாம் போச்சு" என்று மூட்டையாகக் கட்டிச் சுமப்பதுதான் தவறு. மூட்டையைப் பிரித்து, போவது என்ன என்று எழுதிப் பாருங்கள். நேரமா, அதிகாரமா, பக்கத்து இருக்கை நண்பரா? எனக்குப் போனது, 'எக்செல்லில் இவரை அடிச்சுக்க ஆளில்லை' என்ற பெயர். அது புரிந்ததும் மென்பொருள் மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

இடைவேளை வதந்திகளை நம்புவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தவரிடம் நேராகக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தீர்கிற விஷயம் அது.

வாயை மூடிக்கொண்டு அதற்கு நிதானம் என்று பெயர் வைப்பது கொஞ்சம் நுட்பமான தவறு. கூட்டத்தில் "சரி" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து பொருமுகிறோம். லெஸ்டர் கோக், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு பைஜாமா தொழிற்சாலையில் செய்த ஆய்வு 1948இல் வெளியானது. வேலைமுறை மாறுகிறது என்று சொல்லி மட்டும் விடப்பட்ட குழுவின் உற்பத்தி சரிந்தது, எழவில்லை, சிலர் வேலையையே விட்டார்கள். மாற்றத்தைத் திட்டமிடுவதில் பங்கெடுத்த குழுக்கள் சீக்கிரமே பழைய அளவைத் தாண்டின. இதை நிர்வாகத்துக்கான பாடமாகத்தான் பொதுவாகச் சொல்வார்கள். நம்மை யாரும் கூப்பிடாவிட்டால் நாமே நுழையலாம் என்பது என் கட்சி.

நுழைவதற்கு ஒரு கேள்வி போதும்: "இதில் இன்னும் முடிவாகாதது எது?" முடிவானதை எதிர்த்துக் கத்துவதைவிட, முடிவாகாத இடத்தில் சொல்லும் ஒரு யோசனைக்கு மதிப்பு அதிகம். நான் தாமதமாகத்தான் கேட்டேன். பில் பதிவுத் திரைகளின் வரிசை முடிவாகவில்லை என்றார்கள். மூன்று திரைகளை ஒன்றாக்கச் சொன்னேன், இரண்டாக்கினார்கள். அரை மணி நேரம் பன்னிரண்டு நிமிடமானது.

ஒன்று மட்டும் தனி. சம்பளம் குறைவது, வேலை நேரம் நீள்வது, பாதுகாப்பு தளர்வது எல்லாம் பழக்கத்தோடு சேர்ந்த சிக்கல் இல்லை. அவற்றைப் பழகிக்கொள்ளப் பார்க்காமல், எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். குரலை உயர்த்தாமலே அதைச் செய்யலாம்.