டிஜேவும் ஃபங்க் பேண்டும் ஒரே ராத்திரியில்: எங்கெல்லாம் சொதப்பும்?

மணி பதினொன்றரை. ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை 124 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 124 அடி) ஓடிக்கொண்டிருக்கிறது, கூட்டம் நன்றாகச் சூடேறிவிட்டது. டிஜே கையை எடுக்கிறார், ஃபங்க் என்ற தாளம் தூக்கலான அமெரிக்கக் கறுப்பின இசையை நேரடியாக வாசிக்கும் பேண்ட் மேடையேறுகிறது. டிரம்மர் குச்சியைத் தட்டி எண்ணித் தொடங்கும் வேகம் 104. வாசிப்பில் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கால் சட்டென்று கனத்துப்போகும். பாதிப் பேர் பார் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். பழி பேண்டின் தலையில் விழும். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் டிஜே என்ன போட்டார் என்று யாரும் கேட்பதில்லை.

ஹவுஸ் பெரும்பாலும் 120-லிருந்து 128-க்குள் ஓடும். ஃபங்க் நூறை ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே நடக்கும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 மாதிரியான, இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் வேகத்தை எட்டு சதவீதம்தான் கூட்டிக் குறைக்கலாம். 124-ஐ முழுக்க இறக்கினாலும் 114-க்குத்தான் வரும். ஆகவே ஒரே இசைத்தட்டில் இறங்க முடியாது, மூன்று நான்கு பாட்டுகளாகப் படியிறங்கி வர வேண்டும். டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணு இசையைப் போடும் டிஜேவுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. 174-இல் பாதி 87. பேண்ட் அந்த வேகத்தில் நிதானமான ஒரு பாட்டை எடுத்தால், ஆடுபவர்களுக்கு மாறியதே தெரியாது.

‘டிஜே இசையும் ஃபங்க்கும் ஒரே குடும்பம்தானே, தானாகச் சேர்ந்துவிடும்’ என்ற நம்பிக்கைதான் பல ஏற்பாட்டாளர்களைக் கவிழ்க்கிறது. குடும்பம் என்பது உண்மைதான். 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் விருந்துகளில் இசை போட ஆரம்பித்தார். ஃபங்க் தட்டுகளில் டிரம்ஸ் தனியாக ஒலிக்கும் இடத்தை, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து நீட்டிக்கொண்டே போவது அவருடைய உத்தி. ஃபங்க்கின் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில விநாடித் துண்டு எண்ணற்ற பாட்டுகளுக்குள் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனால் வெட்டி எடுத்த துண்டு இம்மி பிசகாமல் சுழலும். உயிருள்ள டிரம்மர் அப்படி வாசிக்க மாட்டார். கூட்டம் கத்தினால் அவரையறியாமல் இரண்டு மூன்று பிபிஎம் ஏறிவிடும். எழுபதுகளின் ஃபங்க் தட்டுகளை மிக்ஸ் செய்துபார்த்த டிஜேக்களுக்கு இந்த ஊசலாட்டம் பழக்கம். கணினியில் மட்டுமே பழகியவர்கள் இங்கேதான் திணறுவார்கள்.

டிஜேவும் பேண்டும் ஒன்றாக வாசிக்கும் பகுதி இருந்தால், காலம் யார் கையில் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் கையில் என்றால் டிரம்மரின் காதில் வேகத்தைக் காட்டும் கிளிக் ஒலி ஓட வேண்டும். டிரம்மரின் கையில் என்றால் டிஜே விரலால் விடாமல் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். மேடையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டுமே நடக்காது.

நம் ஊரில் சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். மேலே சொன்னதெல்லாம் பிதா. இந்த மாதிரி இரவுகளில் மாதாவை யாருமே கண்டுகொள்வதில்லை. தட்டின் வேகத்தை ஏற்றினால் சுருதியும் கூடவே ஏறும். ஆறு சதவீதம் ஏற்றினால் ஏறத்தாழ அரைச்சுரம் கூடிவிடும். அது பரவாயில்லை, கிட்டார்காரர் ஒரு கட்டம் தள்ளிப் பிடித்துக்கொள்வார். மூன்று சதவீதம்தான் வில்லங்கம். இரண்டு சுரங்களுக்கு நடுவே போய் நிற்கும் அந்தச் சுருதியில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்தாலும் சேராது. டிஜிட்டல் கருவி என்றால், வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் கீ லாக்கைப் போடுங்கள். வினைல் தட்டு என்றால், பேண்ட் உள்ளே வரும்போது தாளம் மட்டும் உள்ள பகுதியைப் போடுங்கள்.

அடுத்த தவறு ‘ஒன்று’ எங்கே விழுகிறது என்பதில். ஹவுஸில் நாலு அடியிலும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலி) ஒரே மாதிரி விழும், முதல் அடி எது என்று ஆடுபவர் தொலைத்தாலும் மோசமில்லை. ஜேம்ஸ் பிரவுன் வழி வந்த ஃபங்க்கோ முதல் அடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. கச்சேரி கேட்பவர்கள் அதைச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். டிஜே தன் லூப்பை (திரும்பத் திரும்பச் சுழலும் துண்டை) மூன்றாவது அடியில் நுழைத்துவிட்டால், தனி ஆவர்த்தனத்தில் சமம் தவறியதுபோல எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம், மின்னணு இசை எட்டு எட்டு பார்களாக (ஒரு பார் என்றால் நாலு அடி) நகரும். பேண்டோ தலைவர் கை காட்டும் வரை ஒரே இடத்தில் சுற்றும். டிஜேவின் கண் திரையில் இருந்தால் அந்தக் கையைப் பார்ப்பது யார்?

கேட்க அற்பமாகத் தோன்றும் ஒரு விஷயம், தூரம். பல கிளப்களில் டிஜே கூண்டு மேடைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி பிடிக்கும், 15 மீட்டருக்கு 44. 104 பிபிஎம்மில் ஓர் அடியின் கால் பங்கு 144 மில்லி விநாடி, ஃபங்க் கிட்டாரின் சுரண்டல் முழுக்க அந்தக் கால் பங்குகளில்தான் நடக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு பிந்தினால் வாசிப்பு சேறாகிவிடும். டிஜேவை மேடையில் டிரம்மர் பக்கத்திலேயே நிறுத்துவது நல்லது. முடியாவிட்டால் இருவருக்கும் மற்றவரின் ஒலி வயர் வழியாக மானிட்டரில் (வாசிப்பவருக்கான ஸ்பீக்கரில்) வர வேண்டும்.

மேடையில் நிறுத்தினால் இன்னொரு தொல்லை கிளம்பும். கிக் டிரம்மின் அதிர்வில் டர்ன்டேபிள் ஊசி குதிக்கும், தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரின் அதிர்வு ஊசி வழியாகத் திரும்பி ஊளையிடும். அடியில் கனமான சிமெண்ட் பலகையும் ரப்பரும் வைப்பது பழைய வைத்தியம். பேண்ட் வாசிக்கும்போது டிஜே தன் மிக்ஸரில் பாஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, குறைத்துவிட வேண்டும். ஒரு உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்?

ஒலியளவைப் பற்றிச் சுருக்கமாக. பதிவான பாட்டு இறுக்கி அழுத்தப்பட்ட ஒலி, நேரடி வாசிப்புக்கு ஏற்ற இறக்கம் அதிகம். டிஜே மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிய எரியப் போட்டுவிட்டுப் போனால், அடுத்து வரும் பேண்ட் நோஞ்சானாகக் கேட்கும். அதை ஈடுகட்ட எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். இம்மாதிரி இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன வரம்பு 15 நிமிடச் சராசரி 100 டெசிபல். அதற்குக் கீழே இடம் விட்டுத் தொடங்குவது டிஜேவின் பொறுப்பு.

சவுண்ட் செக்குக்கு டிஜே வராமல் இருப்பதும் வாடிக்கையாகிவிட்டது, ‘எனக்கு ரெண்டு வயர்தானே’ என்று. இரண்டு வயர்தான், சரி. ஆனால் மேலே சொன்ன எல்லாச் சிக்கலும் சேர்ந்து வாசித்துப் பார்த்தால்தான் வெளியே வரும்.

கடைசியாக, பேண்ட் முடிக்கும் இடம். ஆரவாரமாக ஒரு முடிப்பு, கைதட்டல், பிறகு டிஜே ஹெட்போனைத் தேடும் ஒரு நிமிட மௌனம். மாடாக உழைத்துச் சேர்த்த சூடு அங்கே ஆறிவிடும். அதற்குப் பதில், மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போக, டிரம்மர் மட்டும் வாசித்துக்கொண்டிருக்கட்டும். டிஜே அவர் வேகத்தைக் காதால் பிடித்துத் தன் பாட்டை அடியில் மெல்ல நுழைப்பார். இரண்டும் ஒட்டிக்கொண்டதும் டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாம்.