கணைய அழற்சி ஆய்வு: விலங்கு மாதிரியைத் தேர்வதில் நேரும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர அரசு மருத்துவமனைகளுக்குத் திடீர்க் கணைய அழற்சியோடு வருபவர்கள் பலருக்கு மதுதான் காரணம். ஆய்வுக்கூட விலங்குக்கு அதே நோயை வரவைக்கப் பலரும் எடுப்பதோ செருலின் ஊசி, அதாவது கணையத்தை அளவுக்கு மீறித் தூண்டும் ஒரு பொருள். கைக்கு எளிது என்பதற்காக ஒரு மாதிரியை, அதாவது நோயைத் தூண்டும் முறையைத், தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு.

சுண்டெலிக்கு மணிக்கு ஒருமுறை, கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் வீதம் 7 முதல் 10 ஊசி போட்டால் கணையம் வீங்கும். சுமார் ஒரு வாரத்தில் தானே ஆறிவிடும். விலங்கு சாவது அரிது. அதனால், உயிரைக் காக்கும் மருந்தா என்று சோதிக்க இது உதவாது. அழற்சி எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க நல்ல மாதிரி, அவ்வளவே. மதுவின் பங்கை ஆராய்வதானாலும் மதுவில் உள்ள எத்தனாலை மட்டும் கொடுத்துப் பயனில்லை. சுண்டெலிக்கு அதனால் மட்டும் அழற்சி வருவதில்லை. எத்தனாலோடு பால்மிட்டோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமும் சேர வேண்டும்.

கடும் பாதிப்பு தேவையென்றால் எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம்: சுண்டெலிக்குக் கிலோவுக்கு 4 கிராம், ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. இங்கே பலர் சறுக்குவது கரைசலில்தான். கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரைடு உப்பு நீரில் கரைந்தால் அமிலத்தன்மை கொள்ளும். பிஎச் 7 அளவுக்குக் கொண்டுவராமல் செலுத்தினால் வயிற்றறையின் சவ்வே புண்ணாகும். பிறகு பார்ப்பது எதன் விளைவு என்று பிரித்தறிய முடியாது. பாதிப்பு உச்சத்தை எட்ட 72 மணி நேரம் ஆகும். செருலின் பழக்கத்தில் முதல் நாளே திசுவை எடுப்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். சுண்டெலியின் இனத்துக்கு இனம் விளைவும் மாறும். இனத்தைக் குறிப்பிடாத ஒப்பீட்டை நம்பாதீர்கள்.

பித்தக்கல் வகைக்கு, எலியின் பித்த-கணைய நாளத்தில் டாரோகோலேட் என்ற பித்த உப்பின் 3 முதல் 5 சதவீதக் கரைசலைச் செலுத்துவார்கள். கிலோவுக்கு 1 மில்லி. கையால் அழுத்தினால் அழுத்தமே செல்களைச் சிதைக்கும், பம்ப் கட்டாயம். கல்லீரல் வாயிலில் நாளத்தைக் கவ்வி வைக்காவிட்டால் கரைசல் மேலே கல்லீரலுக்குப் போய்விடும். ஒப்பீட்டுக்காக நோயைத் தூண்டாமல் வைக்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே அறுவையைச் செய்து, உப்பு நீரைச் செலுத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நோயைத் தூண்டுவதற்கு முன்பே மருந்து கொடுத்துவிட்டு "குணமாயிற்று" என்று எழுதுவது. நோயாளி வலி தொடங்கிப் பல மணி நேரம் கழித்தே வருகிறார். மருந்தும் அப்படியே தாமதமாகத்தான் போக வேண்டும். இரத்தத்தில் உள்ள அமிலேஸ் என்ற கணைய நொதியின் அளவை வைத்து மட்டும் கடுமையை மதிப்பிடுவதும் தவறு. திசு இறப்பையும் நுரையீரல் பாதிப்பையும் பாருங்கள்.

வலி நிவாரணியை விட்டுவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் விலங்கு ஆய்வுக்கான தேசியத் தரம் சான்ஸ் 10386. நெறிமுறைக் குழு வலி நிவாரணி பற்றித்தான் முதலில் கேட்கும், நியாயமும் அதுதான். ஆனால் மார்ஃபின் வேண்டாம். சுண்டெலிகளில் அது அழற்சியை மோசமாக்குகிறது. புப்ரனார்ஃபின் என்ற வலி நிவாரணியைத் தேர்ந்தெடுத்தால், கட்டுப்பாட்டுக் குழு உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் கொடுங்கள்.

கணையம் தன்னையே செரித்துக்கொள்ளும். விலங்கு இறந்த உடனே வெட்டி ஃபார்மலினில் போடுங்கள். எப்போதும் ஒரே பகுதியிலிருந்து. டாரோகோலேட் மாதிரியில் கணையத்தின் எல்லாப் பகுதியும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை; தலைப்பகுதியை ஒரு விலங்கிலும் வால்பகுதியை இன்னொன்றிலும் எடுத்தால், தெரியும் வேறுபாடு மருந்தினால் வந்ததாக இருக்காது.