பழைய கம்ப்யூட்டரில் கேம் ரெக்கார்டிங் திக்குகிறதா?

கேம் சரியாக ஓடுகிறது, வீடியோ மட்டும் திக்குகிறது என்றால் உடனே ரேம் வாங்க ஓடாதீர்கள். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரான ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் பெட்டியைத் திறந்து வைத்து 2 நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள்.

எக்ஸ்264 (பிராசஸரை வைத்து வீடியோவைச் சுருக்கும் முறை) வைத்திருக்கும்போது 'என்கோடிங் லேக்' எண் ஏறினால் பாரம் முழுக்க பிராசஸர் மேல் என்று பொருள். செட்டிங்ஸ், அவுட்புட் போய் எக்ஸ்264-க்குப் பதில், கிராபிக்ஸ் சிப்பை வைத்துச் சுருக்கும் என்விடியாவின் என்வென்க் அல்லது இன்டெலின் குவிக்சிங்க் கொடுங்கள். பட்டியலில் இரண்டும் இல்லையா? எக்ஸ்264 பிரீசெட்டை (வேக அமைப்பை) அல்ட்ராஃபாஸ்ட் ஆக்கி, 720பி, 30 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 30 ஃபிரேம்) இறங்குங்கள். படம் கொஞ்சம் மங்கும், திக்குவதற்கு அது தேவலாம்.

'ரெண்டரிங் லேக்' ஏறினால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது. கேம் 60 எஃப்பிஎஸ்ஸைத் தாண்டாதபடி கட்டுப்படுத்தி, நிழல் தரத்தைக் குறையுங்கள். ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள்.

முதலில் நன்றாக ஓடி, போகப் போகத் திக்கினால் சூடுதான். கடலூர், புதுச்சேரி கடலோர வீடுகளில் ஈர உப்புக் காற்றோடு தூசு சேர்ந்து ஹீட்சிங்க் (பிராசஸர் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகள்) இடுக்கில் அடையாய் அப்பியிருக்கும், ஊதினால் போகாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்தபடி காய்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

ஃபைலை எம்கேவி ஃபார்மேட்டில் சேமியுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது தப்பும். சாதா எம்பி4 என்றால் மொத்தமும் போச்சு.