ட்ரில் மாதத்தில் மட்டும் காணாமல் போன வெள்ளிக்கிழமை ட்ரிப்

கலிஃபோர்னியாவில் விமான நிறுவனப் பைலட் வேலை. மாதம் ஒரு சனி, ஞாயிறு விமானப்படை ரிசர்வில் (பகுதிநேரப் படை) ட்ரில், அதாவது ராணுவப் பயிற்சி. ட்ரில் மாதங்களில் என் வெள்ளி மாலை ட்ரிப்பும் பறிபோனது, சம்பளமும் குறைந்தது. சீனியாரிட்டிதான் காரணம் என்று பிட் (எந்த ட்ரிப் வேண்டும் என்று மாதாமாதம் கொடுக்கும் விருப்பப் பட்டியல்) வரிசையை மாற்றினேன், பலனில்லை. ராணுவப் பணிக்குப் போகிறவர்களின் வேலையைக் காக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தோடு யூனியனிடம் போனேன். அவர்களுக்கும் பிடிபடவில்லை.

கடைசியில் விடுப்புப் பதிவைத் திறந்து பார்த்தேன். நான் போட்ட சனி 00:00 மணியை மென்பொருள் ஜூலு நேரமாக (விமானத் துறையில் UTC-க்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்குப் பெயர்) எடுத்திருக்கிறது. எங்களுக்கு அது வெள்ளி மாலை 5 மணி! தினமும் ஜூலுவில் பறக்கிற எனக்கே தோன்றவில்லை.

பிட் மூடுவதற்குள் ஜூலு நேரப்படி சனி 07:00 முதல் திங்கள் 07:00 வரை என்று திருத்தினேன். வெள்ளி ட்ரிப் திரும்பி வந்தது. நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததும் 08:00 என்று போட வேண்டும். அதற்கு ஃபோனில் அலாரம் வைத்தாயிற்று.