பேய்ப்பட ஸ்கிரிப்டில் லாஜிக் ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

சீன் ஆர்டரை எத்தனை முறை படித்தாலும் ஓட்டை தெரியாது. கதை சொல்லும் வரிசையே அதை மூடி வைத்திருக்கும். பிளாஷ்பேக்குகளைப் பிரித்து, சம்பவங்களைத் தேதி, மணி வாரியாக எழுதுங்கள். கேமரா காட்டாத நேரத்தில் கொலையாளி எங்கே இருந்தான் என்பதும் அதில் வரவேண்டும். ஒன்பது மணிக்கு மதுரையில் இருந்தவன் பத்து மணிக்குக் கொடைக்கானல் பங்களாவில் நிற்பது அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்து, பேய் நிஜமா, ஆள் செட்டப்பா? செட்டப் என்றால் ஒவ்வொரு பயமுறுத்தல் சீனிலும் கேளுங்கள்: யார் செய்தது, எதை வைத்து, எப்படி உள்ளே வந்தார், யாருக்காகச் செய்தார்? கடைசிக் கேள்வியில்தான் பலரும் மாட்டுவார்கள். ஹீரோயின் குனிந்து முகம் கழுவுகிறாள், பின்னால் கண்ணாடியில் வெள்ளைச் சேலை கடந்து போகிறது, அவள் பார்க்கவில்லை. தியேட்டர் அலறும், சரி. ஆனால் எல்லாம் சொத்துக்காகச் சித்தப்பா போட்ட நாடகம் என்று க்ளைமாக்ஸில் சொன்னால், அவள் பார்க்காதபோது அவர் யாருக்கு நடித்துக் காட்டினார்? இதை எந்த வசனமும் காப்பாற்றாது. அவளைப் பார்க்க வையுங்கள், இல்லையென்றால் ஷாட்டைத் தூக்குங்கள்.

நிஜப் பேய்க்கு எல்லை வேண்டும். இரண்டாம் பாதியில் காரையே தூக்கி வீசும் பேய், அதுவரை கதவை மட்டும் ஏன் ஆட்டிக்கொண்டிருந்தது? தடுத்தது மந்திரக்கட்டோ பூட்டிய அறையோ, இடைவேளைக்குள் காட்டிவிடுங்கள். கடைசியில் மந்திரவாதி வந்து விளக்கினால் சமாளிப்பு என்று பல்லிளிக்கும்.

கொலையைத் தற்கொலையாகக் காட்டும் கதையா? சந்தேக மரணத்தில் பிரேதப் பரிசோதனை உண்டு. தூக்கில் தொங்கியவர் கழுத்துத் தடம் பெரும்பாலும் காதுப் பக்கமாகச் சாய்ந்து மேலேறும். கயிற்றால் நெரித்தால் கழுத்தைச் சுற்றிக் கிடையாக ஓடும். டாக்டர் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பதற்குப் பதில் வேண்டும். அவரை விலைக்கு வாங்கியிருந்தால் அவருக்கென்று ஒரு சீன் எழுதுங்கள்.

'வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதானே?' என்ற கேள்விக்கான பதிலை முதல் பயத்துக்கு முன்பே வைத்துவிடுங்கள்: வீட்டுக் கடன், படுத்த படுக்கையாக மாமியார், எதுவானாலும் சரி.

ஷூட்டிங் முடிந்தபிறகு ஓட்டை தெரிந்தால், உதடு தெரியாமல் முதுகு காட்டும் ஷாட் இருக்கிறதா என்று தேடி டப்பிங்கில் ஒரு வரி சேர்க்கலாம். நேரம், இடம் சம்பந்தப்பட்ட சின்னக் குழப்பத்துக்கு அது போதும். கொலைக்கான காரணமே ஒட்டவில்லை என்றால் பேட்ச் ஒர்க்குக்கு, அதாவது குறைகிற சீன்களை மறுபடி ஷூட் செய்ய, ஆர்ட்டிஸ்ட் தேதி கேட்பதைத் தவிர வழியில்லை.