ஒரு முன்னொட்டுக்குப் போன மூன்று நாள்

லினக்ஸ் ஓடும் என் போர்டில் இருந்தது சினாப்சிஸ் நிறுவனத்தின் ஈதர்நெட் ஐபி (சிப்புக்குள் சேர்க்கும் ஆயத்த நெட்வொர்க் வடிவமைப்பு). சிப்பில் டிஎஸ்ஓ வசதி (டிசிபி தரவை நெட்வொர்க் ஹார்டுவேரே துண்டு போடுவது) உண்டு; போர்டின் ஹார்டுவேரைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயிலும் அதை எழுதியிருந்தேன். ஆனாலும் நெட்வொர்க் அமைப்புகளைக் காட்டும் ஈத்டூல் கட்டளை அதை ‘ஆஃப், ஃபிக்ஸ்டு’ (அணைந்திருக்கிறது, மாற்ற முடியாது) என்றே காட்டியது. டிசிபி தரவைத் துண்டு போடும் வேலை முழுக்க சிபியு தலையில்.

கெர்னல் கான்ஃபிக் மேல் சந்தேகப்பட்டு இரண்டு முறை பில்ட் செய்தேன். பழைய டிடிபியோடுதான் (கம்பைல் செய்த டிவைஸ் ட்ரீ) பூட் ஆகிறதோ என்று, ஓடும் கெர்னலிடம் இருக்கும் ட்ரீயைக் காட்டும் ‘/ப்ராக்/டிவைஸ்-ட்ரீ’யில் தேடினேன். ‘டிஎஸ்ஓ’ என்ற பெயரில் 0 பைட் ஃபைல் இருந்தது. இது உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் பூலியன்; அதற்கு மதிப்பு கிடையாது, அதனால் அதுவும் சரிதான்.

கடைசியில் இந்த ஐபியை இயக்கும் எஸ்டிஎம்மேக் டிரைவரின் சோர்ஸைத் திறந்தேன். அது தேடுவது வெறும் ‘டிஎஸ்ஓ’வை அல்ல: முதலில் சினாப்சிஸைக் குறிக்கும் முன்னொட்டு ‘எஸ்என்பிஎஸ்’, ஒரு கமா, அப்புறம்தான் ‘டிஎஸ்ஓ’. தெரியாத பெயர் வந்தால் கெர்னல் கண்டுகொள்வதே இல்லை; ஒரு எச்சரிக்கைகூட வராது. டிவைஸ் ட்ரீயைச் சரிபார்க்கும் ‘டிடிபிஎஸ்_செக்’ ஓட்டியிருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும். முன்னொட்டைச் சேர்த்ததும் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் ‘டிஎஸ்ஓ ஃபீச்சர் எனேபிள்டு’ என்று வந்தது. அப்பாடா.

இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்க்க அதை அணைக்கலாமே என்று ‘= <0>’ போட்டேன்; அணையவில்லை. பெயர் இருந்தாலே ஆன்தான், மதிப்பை யாரும் படிப்பதில்லை. வேண்டாமென்றால் ‘/டிலீட்-ப்ராப்பர்ட்டி/’ போட்டு அந்தப் பெயரையே தூக்க வேண்டும்.