ஃபார்மெட் அடிப்பதற்கு முன்னால்: வீட்டுக் கணினியில் புகுந்த வைரஸை விண்டோஸின் சொந்தக் கருவிகளால் அகற்றுவது

கும்பகோணமோ மன்னார்குடியோ, எந்த ஊர்க் கடைக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனாலும் ‘வைரஸ்’ என்றதும் பெரும்பாலும் வரும் முதல் பதில், “ஃபார்மெட் அடித்துவிடலாம்” என்பதுதான். அதாவது, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவது. கடைக்காரருக்கு அது சுலபம். சிட்டா, அடங்கல் நகல்கள், பயிர்க் காப்பீட்டு ரசீது, மகளின் கல்யாணப் படங்கள் எல்லாம் எந்த மூலையில் இருக்கின்றன என்று தேடி எடுத்து வைக்க வேண்டிய பாடு உங்களுடையது. பல நேரங்களில் ஃபார்மெட்டே தேவைப்படாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு இலவசமாக உள்ளேயே இருக்கிறது. அதை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதில்தான் காரியம் இருக்கிறது.

பழைய அரசு மடிக்கணினியில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது என்றால் இந்த விளக்கம் உங்களுக்குப் பொருந்தாது. அதில் டிஃபெண்டர் என்ற பெயரில் இருப்பது உளவு நிரல்களை மட்டும் பார்க்கும் பழைய கருவி. விண்டோஸ் 7-க்கான ஆதரவும் 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது.

முதலில்: வந்திருப்பது வைரஸ்தானா?

திரையின் வலது கீழ் மூலையில் சிவப்புக் கேடயப் படத்துடன் ஒரு சிறு பெட்டி எழும்பி, “உங்கள் கணினியில் வைரஸ்கள் உள்ளன, உடனே சொடுக்குங்கள்” என்று பயமுறுத்துகிறதா? சொடுக்காமல் அந்தப் பெட்டியை உற்றுப் பாருங்கள். குரோம் என்ற பெயரும், பக்கத்திலோ கீழேயோ மங்கிய சிறு எழுத்தில் ஏதோ ஓர் இணையதள முகவரியும் தெரிந்தால், அது உலாவி காட்டும் அறிவிப்பு. சீரியல் பார்க்கவோ பாட்டு இறக்கவோ ஒரு தளத்துக்குப் போனபோது ‘அலௌ’ என்ற பட்டனை யாரோ அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி ‘பிளாக்’ கொடுங்கள். அதோடு, உலாவியில் ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்களைக் காட்டும் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தையும் திறந்து, நீங்கள் போடாதவற்றை நீக்குங்கள். “வைரஸ், வைரஸ்” என்று அலறும் வீடுகளில் கணிசமானவற்றில் தொல்லை இதோடு தீர்ந்துவிடும்.

முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு, ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டி அழைக்கச் சொல்லும் பக்கமும் மோசடிதான். அந்த எண்ணை அழைக்காதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். உலாவியின் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தால் பக்கம் மூடிக்கொள்ளும்.

டிஃபெண்டரைத் தயார்செய்வது

மௌஸ் தானாக நகர்கிறது, யாரோ உள்ளே இருப்பது போலத் தெரிகிறது என்றால் யோசிக்காமல் இணையத்தைத் துண்டியுங்கள். அப்படி அவசரம் இல்லையென்றால் முதலில் டிஃபெண்டரைப் புதுப்பித்துக்கொண்டு பிறகு துண்டிப்பது நல்லது. புதிதாக வந்த வைரஸின் அடையாளம் பழைய பட்டியலில் இருக்காது.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பகுதிக்குப் போங்கள். கணினி வாங்கியபோது கூடவே வந்த வேறொரு ஆண்டிவைரஸின் பெயர் அங்கே இருந்து, அதன் காலமும் முடிந்திருந்தால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அதை நீக்குங்கள். காலாவதியான காவலாளி தானும் சரியாக வேலை செய்யாமல் டிஃபெண்டரின் வழியையும் அடைத்துக்கொண்டு கிடப்பது பல வீடுகளில் உள்ள நிலைமை. நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தால் டிஃபெண்டர் பொறுப்பேற்கும். பிறகு ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ கொடுங்கள்.

அடுத்ததைப் பலர் பார்ப்பதே இல்லை. அதே பக்கத்தில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ திறந்து கீழே இறங்கினால் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற தலைப்பு வரும். “இந்த இடங்களைச் சோதிக்க வேண்டாம்” என்று டிஃபெண்டருக்குச் சொல்லிவைத்த பட்டியல் அது. சில வைரஸ்கள் நுழைந்ததும் தம் இருப்பிடத்தை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. சி டிரைவ் முழுவதையுமே சேர்த்துவிடுவதும் உண்டு. அதன் பிறகு எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் “எதுவும் இல்லை” என்றுதான் பதில் வரும். நீங்கள் அறிந்து சேர்க்காத எதையும் அங்கிருந்து நீக்குங்கள். காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த திருட்டு மென்பொருள்களை நிறுவும்போது “முதலில் ஆண்டிவைரஸை அணைத்துவிடுங்கள்” என்று ஒரு குறிப்பு இருக்கும். அப்படிக் கேட்கும் எதையும் நிறுவக் கூடாது என்பது என் கட்சி. டிசைன் மென்பொருளாக இருந்தாலும், கணக்கு மென்பொருளாக இருந்தாலும் அதுவே.

ஆஃப்லைன் ஸ்கேன்

என்னைக் கேட்டால் முழு வேலையின் உயிர்நாடி இதுதான். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது வைரஸும் கூடவே ஓடுகிறது. தன்னை மறைத்துக்கொள்ளவும் அழிக்க வருவதைத் தடுக்கவும் அதனால் முடியும். வரப்பை அண்டை வெட்டினால்தான் எலி வளை கண்ணுக்குத் தெரியும். அதுபோல விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதித்தால் வைரஸுக்கு ஒளிய இடம் இல்லை.

‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ அழுத்தினால் வரும் பட்டியலில் கடைசியாக இருக்கும் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்து மூடிவிட்டு ‘ஸ்கேன் நவ்’ கொடுங்கள். கணினி தானாக அணைந்து எழுந்து, வேறொரு திரையில் சோதனையைத் தொடங்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். முடிந்ததும் தானாகவே விண்டோஸுக்குத் திரும்பும். நடுவில் பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினி என்றால், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று நாளிதழில் போட்டிருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

திரும்பி வந்ததும் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’ திறந்து பாருங்கள். பிடிபட்டவை அங்கே இருக்கும், ‘ரிமூவ்’ கொடுங்கள். அதன் பிறகு ‘ஃபுல் ஸ்கேன்’ ஒன்று. இது மணிக்கணக்கில் ஓடும். இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம்.

இரண்டாம் கருத்து வேண்டுமென்றால், விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் எம், ஆர், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் 2005 முதல் வெளியிட்டுவரும் அகற்று கருவி திறக்கும். பரவலாக உள்ள குறிப்பிட்ட சில வைரஸ்களை மட்டுமே அது தேடும் என்பதால் டிஃபெண்டருக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், கணினியுடன் சேர்ந்து எழும் நிரல்களில் பெயர் புரியாததை ‘டிஸேபிள்’ செய்து வையுங்கள்.

பென்டிரைவ்

கணினி சுத்தமான மறுவாரமே பழைய வைரஸ் திரும்பி வருகிறது என்றால் பென்டிரைவைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஸ்டூடியோ, அழைப்பிதழ் அச்சகம், ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் என்று அது போகாத இடம் இல்லை. உள்ளே இருந்த கோப்புறைகள் எல்லாம் ஒரே இரவில் ‘ஷார்ட்கட்’ ஆகி, படத்தின் மூலையில் சிறு அம்புக்குறியுடன் நின்றால், அவற்றை இருமுறை சொடுக்காதீர்கள். வலது சொடுக்கில் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து ‘டார்கெட்’ பெட்டியைப் படியுங்கள். உங்கள் கோப்புறையின் பெயர் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் கமாண்ட் ப்ராம்ப்டையோ ஒரு ஸ்கிரிப்டையோ கூப்பிடும் நீண்ட வரி இருந்தால், அதுதான் ஆள்.

கோப்புகள் அழிந்திருக்க வாய்ப்புக் குறைவு, மறைக்கப்பட்டிருக்கும். முதலில் பென்டிரைவின் மேல் வலது சொடுக்கி டிஃபெண்டர் ஸ்கேன் கொடுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’, ‘வியூ’ பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கி, ‘ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். மங்கலான நிறத்தில் உங்கள் கோப்புறைகள் தென்படும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் மொத்தமும் கிடக்கும். படங்களையும் பிடிஎஃப்களையும் மட்டும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். கோப்பின் வகை ‘அப்ளிகேஷன்’ என்றிருந்தால், பெயர் ‘பத்திரிகை’ என்றே இருந்தாலும் தொடாதீர்கள். ஃபார்மெட் அடிக்க வேண்டியது இந்தப் பென்டிரைவைத்தான். வேலை முடிந்ததும் அந்த டிக்கை மறுபடி போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால்

ஆவணங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, செட்டிங்ஸில் ‘ரெக்கவரி’ தேடி ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுங்கள். பிடிவாதமான வைரஸுக்கு, எல்லாவற்றையும் அழித்துவிடும் ‘ரிமூவ் எவ்ரிதிங்’தான் சரி. விண்டோஸை இணையத்திலிருந்து புதிதாக இறக்கும் ‘கிளவுட் டவுன்லோட்’ தேர்ந்தெடுத்தால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகலாம். தினசரி டேட்டா திட்டத்தில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்கள் கணினியில் ஏற்கெனவே இருப்பதை வைத்தே நிறுவும் ‘லோக்கல் ரீஇன்ஸ்டால்’ போதும் என்று விட்டுவிடலாம்.

கோப்புகளின் பெயர்களே மாறி, பணம் கேட்டுக் குறிப்பு வைத்திருந்தால் அது வேறு வகை. வைரஸை அகற்றினாலும் பூட்டிய கோப்புகள் தாமாகத் திறக்காது. பணம் கட்டினாலும் சாவி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களைக் கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள். சுத்தமாகாத கணினியில் புதுக் கடவுச்சொல்லைத் தட்டினால் அதுவும் திருடனுக்குப் போகும். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணைத் தாமதிக்காமல் அழையுங்கள். பரிமாற்ற எண், நேரம், தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.